குப்பைத் தொட்டியில் இருந்த குரல்

என் தம்பி இப்போதெல்லாம் யார் வீட்டுக் கம்ப்யூட்டரைத் தொட்டாலும், தொடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கிறான். "குப்பைத் தொட்டிக்குள்ள ஏதாவது வச்சிருக்கீங்களா?" கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். குப்பைத் தொட்டியில் யாராவது எதையாவது வைப்பார்களா, போடத்தானே செய்வார்கள் என்று ஒரு வக்கீல் அவனை மடக்கப் பார்த்தாராம். அவன் மடங்கவில்லை. திரையின் மூலையில் இருக்கும் அந்தச் சின்னத் தொட்டிப் படத்தைத் திறந்து, நாம் அழிக்கிற ஃபைல்கள் ஒரேயடியாகப் போய்விடுவதில்லை, இதற்குள் போய் உட்கார்ந்திருக்கும், இதையும் காலி செய்தால்தான் போகும் என்று விளக்கி, உள்ளே கிடப்பதை ஒவ்வொன்றாக அவரையே பார்க்கச் சொன்னான். வக்கீலுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அடுத்த தடவை வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்.

அவரைப் போல நிறையப் பேர் கழன்றுகொண்டார்கள். துணி கொடுக்க என் கடைக்கு வருகிறவர்கள், உங்க தம்பிக்கு என்ன ஆச்சு, நல்லாத்தானே இருந்தார் என்று என்னிடமே விசாரிக்கிறார்கள். நான் வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவேன். வாயில் குண்டூசி இருக்கும் தையல்காரியை யாரும் வற்புறுத்த மாட்டார்கள். இப்போது ஊசியை எடுத்து வைத்துவிட்டுச் சொல்கிறேன். அவனுக்குக் கிறுக்கும் பிடிக்கவில்லை, ஒன்றும் பிடிக்கவில்லை. ஒரு வீட்டில் அவன் காலி செய்த தொட்டிக்குள் செத்துப்போன ஒரு பெண்ணின் குரல் இருந்தது. கண்ணை மூடுவதற்குள் அதை ஒரு தடவை கேட்க வேண்டும் என்று அவள் அம்மா உள் அறையில் படுத்துக் காத்துக்கொண்டிருந்தாள். நடந்தது அவ்வளவுதான், ஆனால் அவ்வளவோடு விடவில்லை.

எங்கள் வீட்டின் முன் அறைதான் என் தையல் கடை. ஜன்னல் பக்கம் என் மெஷின், சுவர்ப் பக்கம் அவன் மேஜை. பள்ளிச் சீருடைகளுக்கும் சட்டைகளுக்கும் நடுவில், வயிறு திறந்த கம்ப்யூட்டர்கள் எப்போதும் இரண்டு மூன்று கிடக்கும். அவனுக்குச் சொந்தமாகக் கல்யாணம், குடித்தனம் என்று எதுவும் அமையவில்லை. எனக்கு அமைந்தது தங்கவில்லை. ஆகவே ஒரே கூரை, ஒரே அடுப்பு, ஓயாத சண்டை.

தெருவில் அவனுக்கு 'சுத்தம் சார்' என்று பெயர். வேலை முடிந்ததும் என் கடையில் வெட்டி மிஞ்சிய பருத்தித் துண்டால் திரையைத் துடைத்து, ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்று, "சுத்தம்" என்பான். என்னவோ ஆபரேஷன் முடித்த டாக்டர் மாதிரி. அந்த ஒரு வார்த்தைக்காக நான் அவனை எவ்வளவோ கேலி செய்திருக்கிறேன். இப்போது அவன் அதைச் சொல்வதில்லை.

அவனுடைய உபதேசங்களைக் கேட்டுக் கேட்டு, கம்ப்யூட்டரை இன்று வரை தொட்டிராத எனக்கே அத்தனையும் மனப்பாடம். பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள், வீடு பெருக்கும் தூசி எல்லாம் அதன் மூக்கில்தான் போகும். ஓடிக்கொண்டிருக்கும்போது மேலே துணி போட்டு மூடாதீர்கள். இதில் எனக்கும் அவனுக்கும் ஒரு பெரிய தகராறே நடந்தது. நான் கம்ப்யூட்டருக்கு ஓரத்தில் பூவேலை வைத்து உறை தைத்துக் கொடுப்பேன், நன்றாக ஓடிய சரக்கு அது. நீ தைச்சுக் குடுத்து அதுக்கு மூச்சு முட்ட வைக்கிறே, நான் போய் உயிர் குடுத்துட்டு வர்றேன் என்று கத்துவான். பாஸ்வேர்டை எழுதித் திரையிலேயே ஒட்டி வைத்த டீச்சரை அவன் விட்டதில்லை. பூட்டைப் பூட்டிச் சாவியை அதிலேயே தொங்கவிட்டிருக்கிறீர்கள் என்று அவர் பிள்ளைகள் முன்னாலேயே சொல்லிவிட்டு வந்தான். தெரியாத இடத்திலிருந்து வரும் மெயிலைத் திறக்காதீர்கள், பரிசு விழுந்திருக்கிறது என்று சொன்னால் கண்டிப்பாகத் திறக்காதீர்கள். நின்றுபோனால் பதறிப்போய் எல்லாப் பட்டனையும் அழுத்தாதீர்கள், அணைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து போடுங்கள். உள்ளேயிருந்து டக் டக்கென்று சத்தம் வந்தால் அதோடு நிறுத்துங்கள், மறுபடி போட்டுப் பார்க்கவே பார்க்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: எது போனால் அழுவீர்களோ அதை இரண்டு பிரதி எடுத்து வையுங்கள், ஒன்று அந்த வீட்டிலேயே இருக்கக் கூடாது. இதை அவன் சொல்லாத வீடு கிடையாது. கேட்ட வீடு அபூர்வம்.

அவனுடைய பென் டிரைவில் ஒரு புரோகிராம் இருந்தது. அவனே எழுதிச் சேர்த்தது. அதைச் செருகி ஒரே ஒரு அழுத்து அழுத்தினால் வேண்டாத தற்காலிக ஃபைல்களை எல்லாம் பெருக்கித் தள்ளும், குப்பைத் தொட்டியைக் காலி செய்யும், கடைசியில் டிஸ்க்கில் காலியான இடத்தின் மீதெல்லாம் வெறும் பூச்சியத்தை எழுதி நிரப்பிவிடும். தொட்டியைக் காலி செய்தாலும் விவரம் தெரிந்தவன் உள்ளே கிடப்பதைத் தோண்டி எடுத்துவிட முடியுமாம். இப்படி எழுதி நிரப்பிவிட்டால் எந்தக் கொம்பனாலும் முடியாதாம். இந்த மூன்றாவது வேலையை அவன் சும்மா சேர்க்கவில்லை. தெருக்கோடியில் ஒரு பெண் பழைய கம்ப்யூட்டரை விற்று, வாங்கியவன் அதிலிருந்து அவள் படங்களைத் தோண்டி எடுத்து அவளைப் படாத பாடு படுத்தினான். அவள் இங்கே உட்கார்ந்து அழுததை நானும் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் அதைச் செய்தான். நல்லதை நினைத்துத்தான் செய்தான். அதனால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

தொட்டிக்குள் குரல் இருந்த அந்த வீட்டுக்காரர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் மனைவியும் மட்டும், மாடியில் இரண்டு அறை. ஒரே மகள். வளர்ந்து, படித்து, தூரத்து ஊரில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலைக்குப் போன பிறகும் அவளை அவர்கள் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். அம்மாவுக்குக் கண் சரியில்லை, எழுதி அனுப்பினால் படிக்க முடியாது. ஆகவே வாரா வாரம் பேசிப் பதிந்து மெயிலில் அனுப்புவாள். அப்பா அதைப் போட்டுவிட, இரண்டு பேரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்பார்கள். அந்த மெயில் பெட்டி நிரம்பி வழிந்தபோது, ஒலியை எல்லாம் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்துவிட்டு மெயிலை அழித்துவிடுங்கள் என்று யோசனை சொன்னது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டிரைவரும் அதையே செய்தார்.

பாப்பா காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை. இவர்கள் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்த அம்மா கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒலியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். சாப்பிடுவதில்லை, குளிப்பதில்லை, யாராவது பேசினால் கையைக் காட்டி அடக்கிவிடுவாராம். ஆள் உருக்குலைந்து போனார். இதை இப்படியே விட்டால் இவரும் போய்விடுவார், அதை எடுத்துவிடுங்கள் என்று டாக்டரும் சொன்னார், சொந்தக்காரர்களும் சொன்னார்கள். டிரைவர் ஒருநாள் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே அந்த ஃபோல்டரைத் தொட்டிக்குள் தள்ளினார். அழிச்சுட்டேன் என்றார். அந்த அம்மா எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாராம்.

ஆனால் தொட்டியைக் காலி செய்ய அவருக்குக் கை வரவில்லை. அதற்குள்ளேயே விட்டுவிட்டார். அழிக்கவும் இல்லை, வைத்துக்கொள்ளவும் இல்லை. மனைவி கடைக்குப் போயிருக்கும்போது தொட்டியைத் திறந்து, இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடிவிடுவாராம். எடுத்துக் கேட்டதில்லை. இருந்தால் போதும் அவருக்கு. நடுவில் ஒருமுறை என் தம்பி கீபோர்டு மாற்ற அந்த வீட்டுக்குப் போய், பிரதி எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டபோது, இதில் பிரதி எடுக்கும் அளவுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். மனைவி காய் நறுக்கிக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார். வேறு என்ன சொல்வார்?

வருஷங்கள் போயின. அந்த அம்மாவுக்கு இருதயம் வீங்கி, நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அப்படி அனுப்பினால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். படுக்கையில் கிடந்த அவர் ஒருநாள் கணவரிடம், நெஜமாவே அழிச்சிட்டீங்களா என்று கேட்டார். டிரைவரால் பொய் சொல்ல முடியவில்லை. இருக்கு, எடுத்துத் தர்றேன் என்றார். அந்த அம்மாவின் முகம் அப்போது எப்படி இருந்தது என்று அவர் பிற்பாடு எங்களிடம் சொல்ல ஆரம்பித்தார், முடிக்கவில்லை.

அந்தக் கம்ப்யூட்டர் போட்டால் உயிர் வர அரை நாளாகும், வந்தாலும் நடுநடுவே உறைந்துவிடும். ஓடாத வண்டியில் ஆளை ஏற்றக் கூடாது, முதலில் வண்டியைச் சரி பண்ணுவோம் என்பது டிரைவர் புத்தி. தான் எதையாவது தொட்டுக் கெடுத்துவிடுவோமோ என்ற பயம் வேறு. தம்பியைக் கூப்பிட்டு, மெதுவாக ஓடுகிறது, நாளைக்கு முக்கியமாக ஒன்று போட்டுக் கேட்க வேண்டும், நன்றாக ஓடும்படி செய்து கொடுங்கள் என்றார். அது எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை. பெற்ற மகளின் குரலைக் குப்பைத் தொட்டியில் போட்டு வைத்திருக்கிறேன் என்று இன்னொரு ஆளிடம் எந்த வாயால் சொல்வது என்று கூச்சம். கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வோம் என்று இருந்துவிட்டார்.

என் தம்பி கேட்கவும் கேட்டான். இதுல தேவையானது எதெது என்று கேட்டிருக்கிறான். எல்லாமே தேவைதான், எதையும் எடுத்துட வேணாம் என்றார் அவர். உங்க ஃபைல் ஒண்ணையும் தொடமாட்டேன் என்று இவன் வாக்குக் கொடுத்தான். அந்த வாக்கை அவன் மீறவில்லை. தொட்டிக்குள் கிடப்பது அவன் கணக்கில் ஃபைலே இல்லை. டிரைவர் டீ போட உள்ளே போனார். இவன் பென் டிரைவைச் செருகி, ஒரே ஒரு அழுத்து அழுத்தினான். டீ வந்தது. குடித்தான். பெட்டியைத் திறந்து தூசி ஊதினான். எல்லாம் முடிந்ததும் திரையைத் துடைத்து, பின்னால் நகர்ந்து நின்று அந்த வார்த்தையைச் சொன்னான்.

மெஷின் பறந்ததாம். டிரைவருக்கு அப்படியொரு சந்தோஷம். இவன் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் உட்கார்ந்து தொட்டியைத் திறந்திருக்கிறார்.

"தம்பி, இது காலியா இருக்கே" என்றார்.

"ஆமாங்கய்யா. குப்பையெல்லாம் எடுத்துட்டேன்."

அவர் சத்தம் போடவில்லை. திட்டவில்லை. எழுந்து உள் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, மெல்லிய குரலில், அதுக்குள்ள பாப்பா இருந்தா தம்பி என்றார்.

அன்றைக்கு அவன் வீட்டுக்கு வந்து சொன்னபோது நான் அவனைச் சும்மா விடவில்லை. தையல்காரி ஒரு சாண் துணி மிஞ்சினால்கூடக் குப்பையில் போட மாட்டாள். அதைச் சுருட்டி, தைத்த சட்டையோடு சேர்த்துக் கொடுப்பாள். வேண்டாம் என்று வாங்கியவர் சொன்ன பிறகுதான் அது கடைத் துண்டு. எங்கள் தொழிலில் அப்படித்தான். இதையெல்லாம் தினமும் பக்கத்து மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தான். "கேக்காம எப்படிடா கொட்டினே?" என்று கத்தினேன். அவன் திருப்பிக் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அவன் மேஜைக்கு அடியில் எதையோ தேடுகிறவன் மாதிரி குனிந்து, வெகுநேரம் நிமிரவே இல்லை.

மறுநாள் அந்த டிஸ்க்கைக் கழற்றி எடுத்துவந்தான். தோண்டி எடுக்கும் வித்தைகள் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் செய்து பார்த்தான். இதற்கென்றே இருக்கும் பெரிய இடத்துக்கும் கொண்டுபோனான். அவர்கள் பார்த்துவிட்டு, யாரோ விவரமான ஆள் அழித்திருக்கிறார், ஒரு துளியும் மிச்சமில்லை என்று சொன்னார்களாம். பாப்பாவின் போன் எங்கே என்று விசாரித்தான். அதை அப்போதே துடைத்துவிட்டு ஒரு சொந்தக்காரப் பையனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவளுடைய மெயில் கணக்கைத் திறந்து தரும்படி மெயில் கம்பெனிக்கு எழுதினான். வெகுகாலம் யாரும் திறக்காததால் அது நீக்கப்பட்டுவிட்டது என்று ஒரு வரிப் பதில் வந்தது. கூட வேலை பார்த்தவர்கள், கூடத் தங்கியிருந்தவர்கள் என்று ஒருவர் விடாமல் கூப்பிட்டான். எல்லாரும் நல்ல பெண் என்றார்கள். அவள் பேசிய பதிவு யாரிடமும் இல்லை. அம்மாவுக்கென்று பேசியது மற்றவர்களிடம் எப்படி இருக்கும்?

உள் அறையில் அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். சரியாயிடுச்சா என்று. டிரைவருக்கு இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. கம்ப்யூட்டரில் இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது, தம்பி பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்காமல் என் தம்பியிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, தினமும் வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள், சத்தம் கேட்டால் அவளுக்குத் தெம்பாக இருக்கும் என்று கெஞ்சினார். தப்பு செய்தவன் எப்படி மாட்டேன் என்பான்?

ஆகவே தினமும் பிற்பகலில் போய், கட்டில் தெரிகிற மாதிரி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒன்றுமில்லாத கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தான். திருகைக் கழற்றுவான், அதே திருகை மாட்டுவான். இவன் வந்து உட்கார்ந்ததும் டிரைவர் மருந்து வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுத் தெருவுக்குப் போய்விடுவார். அந்த நாடகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க அவரால் முடியவில்லை. வேலையே செய்யாமல் இவ்வளவு களைத்துப்போய் என் தம்பி வீடு திரும்பி நான் பார்த்ததில்லை. உண்மையைச் சொல்லித் தொலைக்கலாமே என்று நானும் கேட்டேன். சொல்லிட்டா அந்தம்மா எதுக்காகக் காத்திருப்பாங்க அக்கா என்றான்.

அந்த அம்மா சும்மா படுத்திருக்கவில்லை. கட்டிலில் இருந்தபடியே அவனோடு பேசினார். பாப்பா அனுப்பியதில் என்னென்ன இருந்தது என்று சொல்வார். சொல்வது என்றால், இப்படிச் சொன்னாள் அப்படிச் சொன்னாள் என்று அல்ல. பாப்பாவாகவே பேசுவார். அழித்தாகிவிட்டது என்று நம்பினாரே, அன்றிலிருந்து ஒரு வார்த்தை சிந்தாமல் எல்லாவற்றையும் மனசுக்குள் ஓட்டி ஓட்டி வைத்திருந்திருக்கிறார். கணவரிடம் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் பாப்பாவைப் பற்றி ஒருவரோடொருவர் பேசுவதையே விட்டிருந்தார்கள், ஒருவரை ஒருவர் அழவைக்கக் கூடாது என்று. வெளி ஆளான என் தம்பியிடம் பேசுவது சுலபமாக இருந்திருக்கிறது. இவனோ தலையைத் திருப்பவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு, காதில் விழாமல் இருக்கக் கூடாதா என்று உட்கார்ந்திருந்தானாம்.

ஒருநாள் நானும் அவனோடு போனேன். படுக்கையிலேயே மாட்டிக் கழற்ற வசதியாக, முன்பக்கம் திறக்கிற தொளதொள அங்கி ஒன்று வேண்டும் என்று டிரைவர் கேட்டிருந்தார். வழக்கம்போல் அவர் தெருவுக்கு இறங்கிவிட்டார். நான் அளவெடுத்தேன். தோள் என் இரண்டு விரலில் அடங்கிவிட்டது. கைக்கு அளவெடுக்கும்போது அந்த அம்மா என் நாடாவைப் பிடித்துக்கொண்டு, என் தம்பியின் முதுகைப் பார்த்தார்.

"இன்னும் வரலையா தம்பி?"

"வந்துடும்மா. கொஞ்சம் இருக்கு."

"மெதுவா பண்ணுங்க. மழை பெஞ்சப்போ அனுப்பினா பாருங்க, அது வந்தா முதல்ல அதப் போடுங்க" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அந்தத் தொண்டையிலிருந்து, சின்னப் பெண்ணின் பேச்சு துள்ளிக்கொண்டு வந்தது. "அம்மா, நான்தான். வேற யாரு உனக்குப் பேசப்போறா? இங்க செம மழை. மாடியில காயப்போட்ட துணியெல்லாம் தொப்பலா நனஞ்சு போச்சு. எப்படியும் நீ திட்டுவே, அதனால நானே சொல்லிடறேன், என் தப்புதான். சிரிக்காதே. அப்பாகிட்ட சொல்லு..."

அங்கே இருமல் வந்துவிட்டது. நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். இருமல் அடங்கியதும் களைத்துத் தூங்கிப்போனார். என் தம்பி திரும்பிப் பார்க்கவில்லை. அவன் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணை நான் பார்த்ததுகூட இல்லை, ஆனால் அவள் அந்த அறைக்கு வந்துவிட்டுப் போனாள் என்று சத்தியம் செய்வேன்.

அங்கியைத் தைத்து முடித்தேன். அது அந்த அம்மாவுக்குப் பயன்பட்டது, ஆனால் நான் நினைத்துத் தைத்த காரியத்துக்கு இல்லை. அன்று தூங்கிப்போனவர் மறுபடி நினைவு வராமலே போய்விட்டார். அதைப் போட்டுத்தான் வழியனுப்பினார்கள்.

சில வாரங்கள் கழித்து டிரைவர் கடைக்கு வந்தார். கம்ப்யூட்டரைத் துணியில் மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். எனக்கு இது வேண்டாம், யாராவது படிக்கிற பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள் என்றார். என் தம்பி அதை வாங்கித் தன் மேஜையில் வைத்தான். என்ன பேசுவது என்று தெரியாமல் மூன்று பேரும் இருந்தோம். இந்த மாதிரி நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு வராது. ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்து, நினைவு தப்புகிற வரைக்கும் அம்மா தெளிவாக இருந்தார், மகள் பேசியதை எல்லாம் அப்படியே அவள் மாதிரியே பேசிக் காட்டினார் என்று சொன்னேன்.

டிரைவர் என்னைப் பார்த்தார். "பேசிக் காட்டினாளா?"

ஆமாம், தினமும், தம்பியிடம் என்றேன். அவருக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் தெருவில் நின்றுகொண்டிருந்தாரே.

அவர் மெதுவாக என் தம்பி பக்கம் திரும்பினார். முகத்தில் ஒரு ஆசை வந்திருந்தது. எனக்கு அதைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை. "தம்பி, அத நீங்க பதிஞ்சு வச்சிருக்கீங்களா?" என்றார்.

எது போனால் அழுவீர்களோ அதை இரண்டு பிரதி எடுத்து வையுங்கள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன். போன் அத்தனை நாளும் அவன் சட்டைப் பையில்தான் இருந்தது. ஒரு விரலால் தொட்டால் போதும். அவனுக்கும் தோன்றவில்லை, அன்றைக்குப் பக்கத்தில் இருந்த எனக்கும் தோன்றவில்லை. அவன் தலையை ஆட்டினான். "இல்லீங்கய்யா."

டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் என் தம்பி பிழைத்திருப்பான். ஞாபகம் இருப்பதைச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டார். மற்ற நாட்களில் கேட்டது எதுவும் அவனுக்குக் கோர்வையாக வரவில்லை, காதைப் பொத்திக்கொள்ளாத குறையாக உட்கார்ந்திருந்தவன்தானே. மழையில் அனுப்பியது மட்டும் நினைவிருந்தது. கட்டைக் குரலில், பரீட்சையில் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி ஆரம்பித்தான். அம்மா, நான்தான். வேற யாரு உனக்குப் பேசப்போறா. இங்க செம மழை. டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார். என் தப்புதான் என்ற இடத்தில் அவர் உதடு லேசாக விரிந்தது.

"சிரிக்காதே. அப்பாகிட்ட சொல்லு..." என்று வந்து தம்பி நின்றுவிட்டான்.

டிரைவர் கண்ணைத் திறந்தார். "அப்பாகிட்ட என்ன?"

"அதுக்கு மேல அம்மாவால முடியலீங்கய்யா. அவ்வளவுதான் கேட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். நானும் உதட்டைப் பிதுக்கினேன். அந்த வார்த்தை இனி உலகத்தில் யாரிடமும் இல்லை.

"நானும்தான் கேட்டிருக்கேன்" என்றார் டிரைவர். "அவ பக்கத்துல உக்காந்து நானும்தான் கேட்டேன். பத்திரமா இருக்குதேன்னு மனசுல வச்சுக்கல."

கடை வாசலில் சீருடை வாங்க யாரோ வந்து நின்றார்கள். பிறகு வரச் சொல்லிச் சைகை காட்டி அனுப்பினேன்.

"முதல்லேருந்து இன்னொரு தடவை சொல்லுங்க தம்பி" என்றார். என் தம்பி, அம்மா, நான்தான் என்று மறுபடி ஆரம்பித்தான்.